1996 கொரோலா 110: ரேடியேற்றரையும் முன் பிரேக்கையும் மாற்றுவது பற்றி

மானிப்பாய்110:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1996ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110 ஒன்று இருக்கிறது. 5ஏ-எப்.ஈ. எஞ்சின், ஓட்டோ கியர், ஏ.பி.எஸ். கிடையாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் வேறு வண்டி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லாதபடியால், இதையே ஒழுங்காகத் திருத்தி இன்னும் சில ஆண்டுகள் பாவிப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.

இப்போது இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, நண்பகலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வைத்தியசாலை வீதி நெரிசலில் ஊர்ந்தால் வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுகிறது. அதே வண்டி ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை ஓடினாலும் முள் அசைவதில்லை. ரேடியேற்றரின் மேல் தொட்டி பழுப்பேறி, ஹோஸ் பொருந்தும் கழுத்தடியில் மயிரிழை போன்ற வெடிப்பொன்றும் தெரிகிறது. இரண்டாவது, அண்மையில் குடும்பத்துடன் நுவரெலியா சென்று றம்பொடை வழியாக இறங்கியபோது, பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகத் தொடங்கியது. கருகிய மணமும் வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பின்னர் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகக் கடையொன்றில் கேட்டபோது, கைக்கியர் வண்டியிலிருந்து கழற்றிய இரட்டை வரிசை அலுமினிய ரேடியேற்றர் ஒன்றையும், கொரோலா 111 ஸ்போர்ட்ஸ் வகையின் பெரிய முன் டிஸ்க், அதை இறுகப் பிடிக்கும் கலிப்பர் ஆகியவை அடங்கிய தொகுதியையும் காட்டினார்கள். இரண்டும் ஜப்பானில் பாவித்தவை. இவற்றை வாங்கிப் பூட்டினால் இரண்டு குறைகளும் ஒரேயடியாகத் தீரும் என்றார்கள். பூட்டலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சக்கரன்:

தயங்காமல் வாங்குங்கள், அண்ணா. பெரிய டிஸ்க்கும் தடித்த ரேடியேற்றரும் கெடுதல் செய்ததாக நான் எங்கும் கேள்விப்படவில்லை. என் நண்பனின் 101இல் இதே வகைத் தொகுதியைப் பூட்டியிருக்கிறான். மிதி தொட்டவுடன் பிடிக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வண்டியில் 13 அங்குல றிம் இருந்தால் பெரிய கலிப்பர் உள்ளே இடிக்கும், 14 அங்குல றிம் தேவைப்படும். நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் இரண்டிலும் ஒன்றே: நான்கு நட், 100 மில்லிமீற்றர்தான். எனவே றிம் தேடுவது கடினமன்று.

பட்டறையார்:

தம்பி மானிப்பாய், பணத்தை எடுக்க முன்னர் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நெரிசலில் சூடேறி, நெடுஞ்சாலையில் ஆறுகிற எஞ்சினுக்குப் பெரும்பாலும் குறைவது காற்று. வேகமாக ஓடும்போது சூடேறினால்தான் ரேடியேற்றரின் குழாய்கள் அடைபட்டுவிட்டன, அல்லது தண்ணீரின் ஓட்டம் குறைந்துவிட்டது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது முதல் வகை. ஆகவே விசிறியிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வரிசை கொரோலாக்களில் ரேடியேற்றர் விசிறியை இயக்கும் வெப்பச் சுவிட்ச், தண்ணீர் குளிராக இருக்கும்போது மூடியும், ஏறத்தாழ 93 பாகை செல்சியஸில் திறந்தும் வேலை செய்யும். அதனால் சோதனை எளிது. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், அந்தச் சுவிட்சின் வயர் இணைப்பைக் கழற்றுங்கள். விசிறி உடனே சுழல வேண்டும். சுழன்றால் விசிறி மோட்டரும் றிலேயும் நன்றாக இருக்கின்றன, சுவிட்சைத்தான் சோதிக்க வேண்டும். சுழலாவிட்டால் மோட்டர், றிலே, பியூஸ் என்று பின்னோக்கிப் போங்கள். பின்னர் ஏ.சி.யைப் போட்டு, ஏ.சி.யின் வெப்பத்தை வெளிவிடும் கண்டென்சருக்குரிய இரண்டாவது விசிறியும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடுகிற விசிறியும் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று கவனியுங்கள். மோட்டரின் கார்பன் தேய்ந்தால் சோம்பலாகச் சுழலும், பார்க்கிறவர் "ஓடுகிறதுதானே" என்று விட்டுவிடுவார்.

கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வல்லை வெளியிலும் ஆனையிறவிலும் ஓடுகிற வண்டிகளில் பூச்சியும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். அதிக அழுத்தத் தண்ணீர் அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அந்த ரேடியேற்றரை மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்ரிக் தொட்டி பழுப்பேறி வெடித்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பசை பூசி வீடு வரலாம், வவுனியா போகக் கூடாது. ஆனால் கடைக்காரர் காட்டியது உங்களுக்குப் பொருந்தாது. ஓட்டோ கியர் வண்டியின் ரேடியேற்றருடைய கீழ்த் தொட்டிக்குள் கியர் ஒயிலைக் குளிராக்கும் சிறு குழாய் ஒன்று இருக்கிறது. வெளியே இரண்டு ஒயில் ஹோஸ்கள் அதற்குத்தான் வருகின்றன. கைக்கியர் ரேடியேற்றரில் அது இல்லை. "அந்த இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம்" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கியர் ஒயில் குளிர வழியில்லாமல் காய்ந்து, கியர்பெட்டி கருகும். ரேடியேற்றரின் விலையோடு கியர்பெட்டியின் விலையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வல்லைவெளி:

பட்டறையார் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் சூடேறும் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாகத் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது தேவை, யாழ்ப்பாண வெயிலுக்கு எதற்கு" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அதில் உண்மை இருக்கிறதா?

பட்டறையார்:

இல்லை. அது எஞ்சினைச் சூடாக்கும் கருவியும் அன்று, வெளிநாட்டுக் காலநிலைக்காக வைத்த பொருளும் அன்று. உங்கள் எஞ்சின் எந்த வெப்பநிலையில் வேலை செய்ய வேண்டுமென்று வடிவமைக்கப்பட்டதோ, ரேடியேற்றருக்கூடான தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடி, அந்த வெப்பநிலையைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. இந்த ஏ வரிசை எஞ்சின்களில் அது 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் குறைந்தது 8 மில்லிமீற்றர் திறந்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் வெப்பமானியுடன் வைத்து அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள்; கண்ணுக்கு முன்னாலேயே திறக்கும், அல்லது திறக்காது.

கழற்றி எறிவதில் இரண்டு கேடுகள் உண்டு. எஞ்சின் சூடேறவே நேரம் எடுக்கும்; அதுவரை கணினி கூடுதலாகப் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், புகைப் பரிசோதனையிலும் அது தெரியும். அடுத்தது, பலரும் அறியாதது: இந்தத் தெர்மோஸ்ரற்றின் அடியில், எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும் இன்னொரு வால்வும் இருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் அது அந்தக் குறுக்கு வழியை மூடி, தண்ணீர் முழுவதையும் ரேடியேற்றருக்கு அனுப்பும். தெர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தபடியே இருப்பதால், ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேற்றரைக் காணாமலே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, பாரம் ஏற்றி ஓடும்போது சூட்டைக் கூட்டிவிடும்.

புதியதைப் போடும்போது அதன் விளிம்பிலுள்ள ஆடும் சிறு முள், அதாவது காற்று வெளியேறும் துளை, மேல்நோக்கி இருக்க வேண்டும். றப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும்.

சுண்ணக்கல்:

நான் வாகனத் தொழிலாளி அல்லன். இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ரேடியேற்றர் என்ற பேச்சு வந்தபடியால், அதற்குள் ஊற்றப்படும் தண்ணீரைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதியுங்கள்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு அந்தக் கல்லினூடாக இறங்கும்போது, கல்சியம் இருகாபனேற்றாக அதைக் கரைத்து எடுத்து வருகிறது. அதுதான் நம் கிணற்று நீரின் வன்மை. அந்த நீரைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் காபனேற்று திண்மமாகப் படிகிறது. கேத்திலின் அடியில் நாம் காணும் வெள்ளைப் படிவும், ரேடியேற்றரின் நுண்குழாய்க்குள் படிவதும் ஒன்றே. அந்தப் படிவு வெப்பத்தை மிகவும் மெதுவாகக் கடத்துவதால், குழாய் முற்றாக அடைபட முன்னரே அதன் குளிராக்கும் ஆற்றல் குறைந்துவிடும். கரையோரக் கிணறுகளில் குளோரைட்டும் சேர்கிறது. அது அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கொதித்து இறங்கிய அளவை ஈடுசெய்ய ஒவ்வொரு தடவையும் கிணற்று நீரையே ஊற்றுபவர், ஒவ்வொரு தடவையும் புதிய சுண்ணாம்பை உள்ளே சேர்க்கிறார்.

ஆகவே வடித்த நீரையே பாவிக்க வேண்டும். பற்றரிக்கு ஊற்ற விற்கப்படும் வடித்த நீர் போதும்; ஆனால் அதே தட்டில் அடுக்கியிருக்கும் பற்றரி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாமல் லேபலை வாசித்து வாங்குங்கள். கூலன்ற்றின் நிறத்தை நம்ப வேண்டாம். நிறம் என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம் மட்டுமே. பச்சைக்கும் சிவப்புக்கும் பொதுவான விதி எதுவுமில்லை. எதிலீன் கிளைக்கோல் எவ்வளவு, அரிப்புத் தடுப்பு எது என்று புட்டியில் எழுதியிராத பச்சைத் தண்ணீரை, சாயமிட்ட தண்ணீர் என்றே கருத வேண்டும்.

"நமக்கு உறைபனி இல்லையே, கூலன்ற் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: அரிப்பைத் தடுப்பது முதற் காரணம், கொதிநிலையை உயர்த்துவது அடுத்தது. 0.9 என்று அடையாளமிட்ட ரேடியேற்றர் மூடி தரும் அழுத்தத்தில் தூய நீர் ஏறத்தாழ 119 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கோல் கலந்தால் அது 125ஐத் தாண்டும். மூடியின் வில் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் வெறும் நீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும். அதாவது அந்தச் சிறிய மூடி ஒன்றே ஏறக்குறைய 20 பாகைப் பாதுகாப்பைத் தருகிறது. ரேடியேற்றரை மாற்றுபவர் பழைய மூடியையே திரும்பப் போடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

படிவைக் கரைக்க எரிசோடாவை ஊற்றுபவர்களும் உண்டு. செம்பு ரேடியேற்றர் காலத்து வழக்கமாக இருக்கலாம். அலுமினியத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டு தின்றுவிடும்.

சக்கரன்:

மூடியைப் பற்றி எழுதியதால் கேட்கிறேன், ஐயா. 1.3 மூடி போட்டால் கொதிநிலை இன்னும் ஏறும் அல்லவா? பந்தய வண்டிகளில் அதைத்தான் போடுகிறார்கள்.

பட்டறையார்:

ஏறும். கூடவே அந்த அழுத்தம் ஹீற்றரின் உட்பகுதி, பழைய ஹோஸ்கள், வோட்டர் பம்ப் எல்லாவற்றின் மீதும் ஏறும். முப்பது வயதை நெருங்கும் வண்டியில் மிகப் பலவீனமான இடம் எதுவோ அதுதான் அடுத்து வெடிக்கும். 0.9 என்று இருந்தால் 0.9 போடுங்கள்.

கணக்கன்:

வெப்பத்தைப் பற்றிப் பெரியவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். பிரேக் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இதில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது ஆபத்து.

மானிப்பாய் நண்பர் கண்ட அறிகுறி, "பிடிக்கவில்லை" என்பதன்று. "மிதி பஞ்சுபோல் உள்ளே போனது" என்பது. இரண்டும் வேறு. பிரேக் பாட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்தால், மிதி கல்போல் இறுகியே இருக்கும், வண்டிதான் நிற்காது. மிதி உள்ளே போவதென்றால் கலிப்பருக்குள் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். உங்கள் காலின் பலம் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், மிதியும் சரியாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

ஏன் கொதித்தது? பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 வகையில் இவை 230, 155. கடல்காற்றும் ஈரப்பதனும் உள்ள நம் ஊரில், இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஒயிலை முற்றாக மாற்றுவது ஆடம்பரமன்று. உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

குடாநாட்டில் இந்தக் குறை ஏன் தெரியாமல் இருந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை ஒரு தடவை நிறுத்தும்போது பிரேக் எவ்வளவு வெப்பத்தை ஏற்கிறதோ, அதைப்போல ஏறத்தாழ 35 மடங்கு, 500 மீற்றர் உயரத்தை பிரேக்கினால் மட்டும் பிடித்து இறங்கும்போது ஏற்கிறது. வண்டியின் எடை இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போவதால் எந்த வண்டிக்கும் இதே விகிதம்தான். சமதரையான யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் ஓடினாலும், இடையில் ஆற நேரமில்லாமல் 35 தடவை அப்படி நிறுத்தமாட்டார். மலை இறங்கும்போது கியரை 2இலோ எல்லிலோ வைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டால், இந்த வெப்பத்தின் பெரும் பங்கு பிரேக்கிற்கு வராது. டி கியரிலேயே இறங்கியிருந்தால் பெரிய டிஸ்க் கூடத் திணறும்.

இப்போது மாற்றுத் தொகுதி. கலிப்பர் பிஸ்ரனின் விட்டம் 51 மில்லிமீற்றரிலிருந்து 54 ஆனால் பரப்பளவு 12 சதவீதம் கூடும். அதே மாஸ்ரர் சிலிண்டர் அந்தக் கூடுதல் ஒயிலைத் தள்ள மிதி முன்னையதைவிட நீளமாகப் போக வேண்டும். அதைச் சரிசெய்ய மாஸ்ரர் சிலிண்டரை 20.6 மில்லிமீற்றரிலிருந்து 22.2 ஆக்கினால், மிதி குறுகும், ஆனால் அதே ஒயில் அழுத்தத்தைப் பெறக் காலால் ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதலான பலத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: முன் பிரேக் மட்டும் வலுத்துவிட்டால் முன் சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும், பின் ட்ரம்கள் தங்கள் பங்கைச் செய்யாமலே நிற்கும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் மழைக்கால வீதியில் இது நல்லதன்று. அவசரமாக மிதித்தால் உங்கள் வண்டியின் ரயர் இப்போதே பூட்டிக்கொள்கிறதென்றால், ஒரு தடவை நிறுத்தும் தூரத்தைப் பெரிய டிஸ்க் குறைக்காது. அந்த எல்லையை வகுப்பது ரயர். பெரிய டிஸ்க் தருவது வெப்பத்தை ஏற்கும் கொள்ளளவை மட்டுமே.

சக்கரன்:

கணக்கன் அண்ணாவின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். 110இன் பழைய டிஸ்க்குகளைக் கடைசல் போட்டுக் கடைசல் போட்டு எல்லோரும் தேய்த்துவிட்டார்கள். புதிய டிஸ்க், புதிய பாட், கலிப்பர் றப்பர்த் தொகுதி எல்லாவற்றையும் தரமானவையாக வாங்கும் செலவில், கொழும்பு பஞ்சிகாவத்தையில் முழுத் தொகுதியைப் பாவித்த நிலையில் எடுத்துவிடலாம். ஒரே குடும்பத்து வண்டியின் பாகத்தைப் போடுவதை "மாற்றியமைத்தல்" என்று பயப்படத் தேவையில்லை என்பதே என் கருத்து.

கணக்கன்:

நியாயமான வாதம். அப்படியானால் தொகுதியைத் தொகுதியாகவே எடுக்க வேண்டும்: டிஸ்க், கலிப்பர், அதைத் தாங்கும் பிறாக்கெற், ஹோஸ், அந்த வண்டியின் மாஸ்ரர் சிலிண்டர், பின் பிரேக்கிற்கு அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. இவற்றில் பாதியை எடுத்து மீதியைப் பழையதாக விடுவதுதான் நான் எதிர்ப்பது. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிப்பு அச்சிடப்பட்டிருக்கும். பாவித்த டிஸ்க்கை வாங்குபவர் அளவுகோலுடன் போய் அளந்து பார்க்கட்டும். ஜப்பானில் தேய்ந்ததும் தேய்ந்ததுதான்.

தீவகத்தான்:

கலிப்பரைப் பற்றிப் பேசுகிறீர்கள், குழாயை யாரும் பார்க்கவில்லை. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் நாள்தோறும் ஓடுகிற எங்கள் வண்டிகளில் முதலில் போவது பின் சக்கரத்துக்குச் செல்லும் இரும்புக் குழாய். கீழே பூசிய கறுப்பு மையின் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும், வெளியே தெரியாது. திறக்கும்போது சாதாரணச் சாவி போட்டால் 10 மில்லிமீற்றர் நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். குழாய் நட்டுக்கென்றே இருக்கும் வாய் பிளந்த வளையச் சாவியைப் பாவியுங்கள். புதுக் குழாய் அடிப்பதென்றால் ஜப்பான் வண்டிக்கு வாய் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் பிளக்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. என்னிடம் ஒரு பழைய கே.ஈ.72 கொரோலா வாகனும் நிற்கிறது. இந்தத் தொகுதி அதற்கு வருமா?

பட்டறையார்:

வராது. அது பின்சக்கர இழுவை, நட் துளை வட்டமும் 114.3 மில்லிமீற்றர், வேறு உலகம். ஆனால் அதன் செம்பு, பித்தளை ரேடியேற்றரை விற்றுவிடாதீர்கள். அதை ஈயம் பற்றவைத்து ஒட்டலாம், உட்கூட்டை மாற்றலாம். இன்றைய பிளாஸ்ரிக் தொட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. ஏ9 பாதை அடைபட்டிருந்த காலத்தில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார் ஓடிய ஊர் இது. கிடைத்ததைப் பொருத்தி ஓட்டியவர்களின் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நானும் அந்தப் பட்டறைகளில் தொழில் பழகியவன்தான். ஆனால் அந்தக் காலத்து வண்டி மணிக்கு 40 கிலோமீற்றரில் சந்தைக்குப் போய் வந்தது. இன்று அதே மனப்பாங்குடன் 100இல் ஓடும் வண்டியின் பிரேக்கில் கை வைக்கிறார்கள். பிரேக் ஒயில் போத்தல் முடிந்துவிட்டதென்று ஸ்ரியரிங் ஒயிலை ஊற்றிய வண்டியொன்று அண்மையில் என்னிடம் வந்தது. தாது எண்ணெய் பட்டால் பிரேக் றப்பர்கள் ஊதிப் பருத்துவிடும். மாஸ்ரர் சிலிண்டர், நான்கு சக்கரத்து றப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டி வந்தது.

மானிப்பாய்110:

எல்லோருக்கும் நன்றி. எழுதியவற்றை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரேடியேற்றர் விசிறி இணைப்பைக் கழற்றியவுடன் சுழன்றது. கண்டென்சர் விசிறி ஏ.சி. போட்டபோதும் அசையவில்லை, மோட்டர் இறுகியிருந்தது. இடைவெளியில் பட்டறையார் ஐயா எழுதிய அதே கம்பளி. கைக்கியர் ரேடியேற்றரை விட்டுவிட்டு, ஓட்டோவுக்குரிய புதிய ரேடியேற்றர், 0.9 மூடி, தெர்மோஸ்ரற், மேல் கீழ் ஹோஸ்கள் ஆகியவற்றை வாங்கினோம். முன்பு வண்டியை வைத்திருந்தவர் தெர்மோஸ்ரற்றைக் கழற்றியிருந்தார் என்பது திறந்தபோதுதான் தெரிந்தது. வடித்த நீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திறந்து வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார்கள். இப்போது நண்பகலில் பஸ் நிலையத்தைச் சுற்றி ஏ.சி.யுடன் ஊர்ந்தாலும் முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது.

பிரேக்கில், இடது கலிப்பரின் வழுக்கும் ஊசி ஒன்று இறுகி, உள்பக்கப் பாட் மட்டும் தேய்ந்திருந்தது. ஒயில் கறுத்திருந்தது. டிஸ்க் இரண்டும் அச்சிட்ட தடிப்புக்குக் கீழே போயிருந்தபடியால் அதே அளவில் புதியவை போட்டோம். கலிப்பர்களைக் கழற்றி றப்பர்களை மாற்றி, டொட் 4 நிரப்பினோம். 111 தொகுதியை வாங்கவில்லை. ஆனால் இப்போது மிதி முன்னையதைவிடச் சற்று ஆழமாகப் போகிறது. இரண்டு தடவை மிதித்தால் உயர்கிறது. காற்று எடுத்தாயிற்று என்கிறார் கராஜ்காரர்.

பட்டறையார்:

கழற்றியபோது இடது, வலது கலிப்பர்கள் மாறிப் பூட்டப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் கலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். மாறிவிட்டால் அது அடியில் வந்துவிடும், எத்தனை போத்தல் ஒயில் விட்டாலும் மேலே நிற்கும் காற்று வெளியேறாது.

அது சரியாக இருந்தால் பின் ட்ரம்மைப் பாருங்கள். இரண்டாவது மிதியில் உயர்வது பெரும்பாலும் லைனருக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடியதன் அடையாளம். கைப்பிரேக் நெம்புகோலை இழுக்கும்போது 4 முதல் 7 சொடுக்குக்குள் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முதலில் உள்ளேயுள்ள சரிசெய் திருகைத் திருத்தி, பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். ட்ரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள்.

மறுபடியும் காற்று எடுக்கவேண்டி வந்தால், மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்ரியரிங் வண்டியில் அது பின் இடது. மிதியைத் தரைவரை அமுக்கவிடாதீர்கள், கீழே ஒரு மரத்துண்டை வையுங்கள். பழைய மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் வழக்கமாகப் போகாத, துருப்பிடித்த பகுதிக்குப் போனால் கிழிந்துவிடும்.

மானிப்பாய்110:

பின் ட்ரம்தான். இரண்டு பக்கத்திலும் சரிசெய் திருகு துருப்பிடித்து நின்றிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிசெய்ததும் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. சக்கரன் தம்பிக்கு அந்த 111 தொகுதி வேண்டுமானால் கடையில் இன்னும் இருக்கிறது. பிறாக்கெற்றுடன் இருக்கிறது, மாஸ்ரர் சிலிண்டர் இல்லை.

சக்கரன்:

மாஸ்ரர் சிலிண்டர் இல்லையென்றால் கணக்கன் அண்ணா என்னை விடமாட்டார். அதையும் தேடிப் பிடித்த பிறகு வருகிறேன்.

பட்டறையார்:

மானிப்பாய்த் தம்பி, புதிய பாட் டிஸ்க்கோடு படியும்வரை கடுமையாக மிதிப்பதைத் தவிருங்கள். சக்கர நட்டுகளை 103 நியூட்டன் மீற்றரில் இறுக்கி, சிறிது தூரம் ஓடிய பின்னர் இன்னொரு தடவை பாருங்கள். ரேடியேற்றரை மாற்றியபோது கீழ்த் தொட்டியில் இருந்த கியர் ஒயிலும் போயிருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கையில், பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர்களுக்கும் ஒரு தடவை மாற்றித் திரும்பப் பி.யில் வைத்து, எஞ்சினை நிறுத்தாமலே அளவுக்குச்சியைப் பாருங்கள். குறைந்திருந்தால் கையேட்டில் குறிப்பிட்ட வகையை மட்டும் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ஒயில் இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் வண்டியை நகர்த்தாமல் இங்கே எழுதுங்கள்.